பென்சிலா பாடியது?

எண்பதுகளின் மேற்கத்திய பாப் இசை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழுகிறது: ‘டேக் ஆன் மீ’யா? அந்த வீடியோ மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாட்டைக் காதுகொடுத்து முழுதாகக் கேட்டதே இல்லை என்பது என் துணிபு.

அவர்கள் நீட்டும் முதல் ஆதாரம் 1984. நார்வேயின் ஆ-ஹா குழு அந்த ஆண்டு இந்தப் பாட்டை வெளியிட்ட சிங்கிள் பிரிட்டனில் எடுபடவில்லை. 1985இல் பென்சில் ஓவிய வீடியோ வந்தது, அக்டோபரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆகவே எல்லாம் வீடியோவின் தயவாம். இரண்டும் ஒரே ஒலிப்பதிவு அல்ல என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். 1984 பதிவைத் தயாரித்தவர் டோனி மேன்ஸ்ஃபீல்ட். உலகம் கேட்டது ஆலன் டார்னி புதிதாகத் தயாரித்த பதிவு. போகட்டும், தோற்றதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய பதிவுகூட நார்வேயில் மூன்றாம் இடம் வரை போனது. அப்போது அதற்கு இருந்தது குழுவினர் நின்று பாடும் சாதாரண வீடியோதான். டார்னியின் பதிவும் முதல் தடவை பிரிட்டனில் விலைபோகவில்லையே என்பார்கள். புதிய குழுவின் பாட்டு மக்கள் காதுக்கு எட்டவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் காட்டாது.

அந்த வீடியோவை நான் குறைசொல்லவில்லை. படக்கதைப் பக்கத்திலிருந்து பென்சில் கை ஒன்று வெளியே நீண்டு, காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை உள்ளே அழைக்கும் அந்தக் கணம் இன்றும் அழகுதான். ஸ்டீவ் பாரன் இயக்கினார். நடிகர்களை முதலில் கேமராவில் பிடித்து, பிறகு மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் சட்டகம் சட்டகமாக அதன்மேல் வரைந்தார்கள். ஏறக்குறைய 3,000 சட்டகங்கள், 16 வாரம். பிரிட்டனில் இரண்டு முறை அடிவாங்கிய பாட்டுக்கு அவர்களின் இசை நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் ஏன் இத்தனை செலவு செய்தது? ஒரு கோடு வரைவதற்கு முன்பே அங்கே சிலர் பாட்டைக் கேட்டு நம்பிவிட்டார்கள். பாட்டுதான் வீடியோவைச் சம்பாதித்துக் கொடுத்தது.

வீடியோதான் வெற்றி தருமென்றால் அடுத்த சிங்கிளுக்கு என்ன ஆயிற்று? ‘தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.’க்கும் இயக்குநர் அதே பாரன். அதே காதலர்களின் கதைத் தொடர்ச்சியில்தான் அந்த வீடியோ தொடங்குகிறது. 1986 எம்டிவி விருதுகளில் ‘டேக் ஆன் மீ’ ஆறு பரிசு பெற்றபோது இதுவும் இரண்டு பெற்றது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவிலோ இருபதாம் இடம். எம்டிவியின் சொந்த மண்ணிலேயே வீடியோவின் மந்திரம் ஏன் பலிக்கவில்லை?

யூடியூபில் நூறு கோடிக்கும் மேல் பார்வை என்கிறார்கள். அத்தனை பேரும் ஒலியை அணைத்துவிட்டா பார்த்தார்கள்?

இனி பாட்டுக்கு வருவோம். அந்தக் கீபோர்டு மெட்டு, குழுவின் கீபோர்டு கலைஞர் மாக்னே ஃபுருஹோல்மனுக்குப் பதின்ம வயதிலேயே கிடைத்தது. ஆ-ஹா உருவாகும் முன், அவரும் போல் வாக்தாரும் ‘பிரிட்ஜஸ்’ என்ற குழுவில் இருந்த காலத்துச் சரக்கு. இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை வாய் தானாக முணுமுணுக்கும். அதைவிடப் பெரிய விஷயம் பல்லவி. பாடகர் மோர்ட்டன் ஹார்கெட் அதை அடிக்குரலில், நெஞ்சிலிருந்து எடுக்கிறார். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு படி மேலே போகிறது. கடைசியில் கள்ளக்குரலில் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. ஒரே பல்லவிக்குள் இரண்டரை ஸ்தாயி! அந்த ஏற்றத்தில் ஒரு கெஞ்சல் இருக்கிறது, எட்டுமோ எட்டாதோ என்ற பதைப்பு இருக்கிறது. எந்தப் பென்சிலும் அதை வரைந்து கொடுக்கவில்லை.

2017 ஜூனில் நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள கிஸ்கே என்ற சிறு தீவில் அவர்கள் ‘எம்டிவி அன்பிளக்ட்’ நிகழ்ச்சிக்காக இதே பாட்டைப் பாடினார்கள். ஓவியம் இல்லை, படக்கதை இல்லை, சிந்தசைசர் துள்ளலும் இல்லை. காலப்பிரமாணத்தை வெகுவாகக் குறைத்து, பியானோவோடு, 57 வயது ஹார்கெட் மெல்லப் பாடுகிறார். இளமையில் துள்ளலுக்கு அடியில் மறைந்திருந்த சோகம் முழுதும் மேலே வந்துவிடுகிறது. மறு ஆண்டு ‘டெட்பூல் 2’ படத்தின் முக்கியமான உணர்ச்சிக் காட்சிக்கு அந்தப் பதிவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வீடியோ இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று இனியும் எழுத நினைப்பவர்கள், கிஸ்கே பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதட்டும்.