ஜன்னல் திரையின் கயிறு

பொத்தேரியில் எங்கள் ஜன்னலுக்கு மேற்கு வெயில். மடிப்புத்திரை தைக்கக் கொடுத்தபோது கடைக்காரர் துணியின் நிறத்தை மட்டுமே கேட்டார். கயிற்றைப் பற்றி நானே கேட்க நேர்ந்தது.

சகோதரிகளே! இத்திரையின் பின்புறம் வளையங்களின் வழியே ஓடும் மெல்லிய கயிறுகள்தாம் துணியை மடித்து மேலேற்றுகின்றன. தவழும் குழந்தை அதைப் பற்றியிழுத்தால் சுருக்காகிக் கழுத்தை இறுக்கக்கூடும்; கூக்குரலும் எழாது. இவ்வாறு குழந்தைகள் மாண்டதால், அமெரிக்காவில் 2009 டிசம்பரில் 5 கோடிக்கு மேற்பட்ட மடிப்புத்திரைகளையும் சுருள்திரைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். அளவெடுத்துத் தைப்பவற்றிலும் தொங்குகயிறு கூடாதென்னும் விதி அங்கே 2024 ஜூனில்தான் வந்தது. எத்துணைத் தாமதம்!

மழலையர் உள்ள வீட்டார் கயிறு தொங்காத ஸ்பிரிங் அமைப்பையே கேளுங்கள். அகலமும் கனமும் மிகுந்தால் ஸ்பிரிங் திணறும். இரு திரைகளாகத் தைக்கச் சொல்லுங்கள். மணிச்சங்கிலியாயின் அதன் அடிவளைவைச் சுவரோடு இறுக்கமாகத் திருகியிருக்க வேண்டும். திண்ணை மூங்கில் தட்டியின் கயிறும் இவ்வகையே. தொட்டிலை ஜன்னலடியிலிருந்து இன்றே நகர்த்திவிடுங்கள்.