பிடிக்கிற பிடி பிழையாம்!

"கொன்ட்ரோலரை ஒழுங்காப் பிடி, ரெண்டு பெருவிரல் காணும்" என்று வகுப்பெடுக்கும் அண்ணாமாரே, அந்த ஒழுங்கை எழுதினது ஆர்?

1989இல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸில் 29ஆம் லெவலோடு கதை முடிஞ்சுது என்றுதான் கனகாலம் நம்பினார்கள். அங்கே கட்டை விழும் வேகத்துக்கு, பட்டனை அழுத்திப் பிடித்தால் அது ஓரத்துக்குப் போய்ச் சேராது. பிறகு சிலர் பிடியை மாற்றினார்கள். இடது பெருவிரலைப் பட்டனில் சும்மா வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் கொன்ட்ரோலரின் முதுகில் தபேலா மாதிரித் தட்டினார்கள். பட்டன் தானாக வந்து பெருவிரலில் இடிக்கும். அவ்வளவுதான்! 2023 டிசம்பரில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன், 13 வயதுப் பெடியன், இந்தப் பிடியால் 157ஆம் லெவல் வரை போய் கேமையே உறைய வைத்தான். கேம் அதே பழசு. கொன்ட்ரோலரில் ஒரு பட்டன்கூடக் கூடவில்லை.

இனித் தோற்ற தம்பியிடம் "உனக்குக் கை வராது" என்று சொல்லாதேங்கோ. மணிக்கட்டு நோகுதா என்று மட்டும் கேளுங்கோ. மிச்சம் அவன்ர விரல், அவன்ர பாடு.