பிழையும் பிராயச்சித்தமும்

2023-ம் வருஷம் மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்றொரு செய்தி வடநாடெங்கும் பரவிற்று. அதற்குச் சாட்சியாகச் சில சலனப் படங்களும் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. பெயர் பெற்ற ஹிந்திப் பத்திரிகை ஒன்றும் அச்செய்தியைப் பிரசுரித்தது. பீஹார் சட்டசபையில் பெருங் கூச்சல் எழுந்தது. மார்ச் 8-ந் தேதி ஹோலிப் பண்டிகை. அதற்காக ஊர் திரும்பியவர்களால் ரெயில்களில் நெரிசல் உண்டாயிற்று. அதையும் உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் கூட்டம் என்று சொல்லத் துணிந்தவர்கள் இருந்தனர்.

உண்மை என்ன? பரவிய படங்களில் ஒன்று, திருப்பூரில் பீஹார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே இட்டுக்கொண்ட சச்சரவு. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த சண்டை என்று அப்போது தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவராக இருந்த ஸ்ரீ சைலேந்திர பாபு அறிவித்தார். இன்னொன்று ராஜஸ்தானத்து ஜோத்பூரில் நடந்த கொலையைச் சேர்ந்தது என்பதைச் செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட இணையப் பத்திரிகைகள் கண்டு சொல்லின. பீஹார் சர்க்கார் நான்கு அதிகாரிகளை இங்கே அனுப்பி விசாரித்தது. அவர்கள் திருப்தியுடன் திரும்பினர். வதந்தி கிளப்பியோர் மீது வழக்குகளும் தொடரப்பட்டன.

விஷயம் இத்துடன் முடிந்ததென்று பலர் மறந்துவிட்டனர். நாம் மறக்கக் கூடாதென்று கருதுகிறோம். ஏனெனில், இவ்வதந்தியின் விலையைக் கொடுத்தவர்கள் அதைப் பிரசுரித்தவர்கள் அல்லர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள மண்ணூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அச்சுற்று வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பீஹார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் நம்மவருடன் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். ஒரு பொய்ப் படம் பீஹார்க் கிராமத்திலுள்ள தாயின் கையிலிருக்கும் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தால், அன்றிரவே அவள் தன் மகனை ஊருக்குத் திரும்பும்படி கெஞ்சுவாள். மகன் புறப்பட்டால் கூலி போகும். இருந்தால் நிம்மதி போகும். பக்கத்துப் பட்டறையில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியை அவன் சந்தேகக் கண்ணுடன் பார்க்கத் தொடங்குவான். தேசத்தின் ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் எவ்வளவு பேசினாலும், இவ்விருவருக்குள் இருக்கும் நம்பிக்கை போனால் அப்பேச்சுக்குப் பொருளில்லை.

இப்பொய்யைத் தடுப்பது அவ்வளவு கடினமா? இல்லவே இல்லை. சலனப் படத்தைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, அதே படம் இதற்கு முன் எங்கேனும் வெளியாகியிருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கடைப் பலகையில் இருப்பது எந்த மொழி, வண்டியின் எண் எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று உற்று நோக்கலாம். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் போலீஸ் நிலையத்தை டெலிபோனில் விசாரிக்கலாம். போலீஸார் சொல்வதோடு நில்லாமல் தொழிலாளர்களையும் அவர்களுடைய முதலாளிகளையும் கேட்கலாம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த பழமொழியைவிடச் சிறந்த விதி பத்திரிகைத் தொழிலுக்கு இன்றும் இல்லை. கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிற படமே பொய் சொல்லும் இக்காலத்தில் அதன் முதற்பகுதியும் முழுக்க உண்மையாகிவிட்டது. எல்லோருக்கும் முன்னதாகச் சொல்லவேண்டுமென்ற ஆசையே, தீர விசாரிக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் பிழை நேராமற் போகாது. நேர்ந்தபின் செய்வது என்ன என்பதில்தான் பத்திரிகையின் யோக்கியதை விளங்குகிறது. அச்சுப் பத்திரிகையின் பிழை அச்சிட்ட தாளிலேயே நின்று சாட்சி சொல்லும். அதை ஒளிக்க முடியாது. இணையப் பத்திரிகையிலோ ஒரு விரல் அசைவில் பிழையை அழித்துவிடலாம். அழித்ததும் அப்படியொன்று இருந்ததேயில்லை என்று மௌனம் சாதிக்கலாம். அழித்தல் வேறு, திருத்தல் வேறு. முதற்செய்தியைப் படித்து நம்பியவன் அது அழிக்கப்பட்டதை அறியமாட்டான். அவன் நெஞ்சில் பொய் பொய்யாகவே நிலைத்திருக்கும். சொல்லாமல் அழிப்பது முதற்பொய்க்குத் துணையாக இழைக்கும் இரண்டாவது பொய்யேயாகும்.

எது பிழை, எது சரி, எப்போது திருத்தப்பட்டது என்ற மூன்றையும் அச்செய்தியின் தலையிலேயே எழுதவேண்டும். செய்தி எந்தெந்த வழியாகப் பரப்பப்பட்டதோ, அந்த வழியெல்லாம் திருத்தமும் செல்லவேண்டும். இது புது யோசனையன்று. சென்னையிலிருந்து வெளிவரும் ‘ஹிந்து’ பத்திரிகை 2006-ல் வாசகர்களின் முறையீட்டைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியரை நியமித்து, திருத்தங்களுக்கென்று நிலையான இடமும் ஒதுக்கியது. 2015-ல் தோன்றிய சர்வதேசச் செய்திச் சரிபார்ப்போர் கூட்டமைப்பும், தன் அங்கத்தினர் பிழைகளை ஒளிவுமறைவின்றித் திருத்தவேண்டுமென்பதை ஒரு நிபந்தனையாக வைத்திருக்கிறது.

பிழையை ஒப்புக்கொண்டால் பத்திரிகையின் கௌரவம் குறையுமென்று அஞ்சுவோர் உளர். சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பை மறுபடியும் ஆராய்வதற்கு அரசியல் சட்டத்தின் 137-வது ஷரத்து இடம் தருகிறது. அதனால் அந்நீதிஸ்தலத்தின் கௌரவம் குறைந்ததென்று யாரும் சொல்வதில்லை. நாட்டின் தலைமை நீதிஸ்தலத்துக்கு இல்லாத கூச்சம் நிருபருக்கும் பத்திராதிபருக்கும் எதற்கு?

பத்திரிகைகள் இக்கடமையைச் செய்யாவிட்டால் சர்க்கார் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். மத்திய சர்க்கார் 2023 ஏப்ரலில் விதியொன்றை வகுத்து, தன் காரியங்களைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே நியமிக்கும் குழு தீர்மானிக்கலாம் என்றது. 2024 செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் அவ்விதியை அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தள்ளியது. அத்தீர்ப்பை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர எவருக்கும் உரிமையில்லை. வதந்தியைச் சர்க்கார் மறுக்கலாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுப் போலீஸார் மறுத்தது நன்றே. ஆனால் மறுப்பது வேறு, வாயை அடைப்பது வேறு. சர்க்காரின் கத்தரிக்கோலை விரும்பாத பத்திரிகை, திருத்தும் பேனாவைத் தானே கையில் எடுக்கவேண்டும்.

வடநாட்டாரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2018 மே மாதத்தில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி நம் தமிழ் மொழியிலேயே, நம் கைப்பேசிகளிலேயே பரவியது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை ஜில்லாவில் போளூர்ப் பக்கத்துக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காக, நம் ஜனங்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்திக்கு ஆசிரியர் யார், பிரசுரகர்த்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பகிர்ந்தவர் அனைவருமே பிரசுரகர்த்தர்கள். அவ்வாண்டே வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு கட்டியது. கம்பெனி கட்டும் வரம்பு கைக்குத்தான். மனத்துக்கு வரம்பை நாமேதான் கட்டவேண்டும்.

வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுவே. செய்தி கேட்கும் உரிமை உங்களுடையது. திருத்தம் கேட்கும் உரிமையும் உங்களுடையதே. நீங்கள் படிக்கும் பத்திரிகை அச்சில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும், அதில் பிழை கண்டால் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தி பொய்யென்று தெரிந்தால், யாருக்கெல்லாம் அதை அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் உண்மையையும் அனுப்புங்கள். மண்ணூர்பேட்டைத் தொழிலாளியும் பீஹாரிலுள்ள அவன் தாயும் நம்மிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். பொய் நடந்த தூரமெல்லாம் உண்மையும் நடக்கட்டும்.