நடுவர் இல்லாத பட்டிமன்றம்!

ஒரு குட்டிக் கேள்வி. சாலமன் பாப்பையா வராத பட்டிமன்றம் எப்படி இருக்கும்? ரெண்டு அணியும் வந்தாச்சு, சோடா குடிச்சாச்சு, மைக்கைக் கடிச்சுக் குதறியாச்சு. ஆனா, கடைசியில எழுந்து நின்னு தீர்ப்பு சொல்ல மேடையில ஆளே இல்ல. கூட்டம் கலைஞ்சு வண்டியை எடுக்கும்போது, 'யாருப்பா ஜெயிச்சா?'ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க!

அமெரிக்காவில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இதுதான் நடக்குது. அதிபர் வேட்பாளர்கள் டி.வி-யில் நேருக்கு நேர் மோதுற டிபேட். நம்ம கல்ச்சுரல்ஸ் டிபேட்லகூட மூணு ஜட்ஜ், ஒரு மார்க் ஷீட், ஒரு பெல் இருக்கும். அங்கே கேள்வி கேட்க டி.வி. ஆளுங்க உண்டு, டைமர் உண்டு. மார்க் போடத்தான் ஆள் கிடையாது. அப்புறம் எப்படி மறுநாள் பேப்பர்ல 'இன்னாருக்கு வெற்றி'ன்னு வருது? அந்த மார்க்கைப் போட்டது யாரு? இந்த வாரம் அதைத்தான் நோண்டப்போறோம்.

முதல் டி.வி. டிபேட் 1960 செப்டம்பர் 26, சிகாகோ. கென்னடி வெர்சஸ் நிக்சன். ஏறக்குறைய 7 கோடி பேர் பார்த்தாங்க. நிக்சனுக்கு நேரமே சரியில்ல. முழங்கால்ல இன்ஃபெக்‌ஷன் ஆகி ஆஸ்பத்திரியில படுத்திருந்துட்டு, உடம்பு இளைச்சுப்போய் வந்திருந்தார். போட்டிருந்ததோ வெளிர் சாம்பல் கோட். பின்னாடி சுவரும் கிட்டத்தட்ட அதே கலர். பிளாக் அண்ட் ஒயிட் டி.வி-யில் மனுஷன் சுவரோட சுவரா கரைஞ்சுபோனார். கென்னடி டார்க் சூட்டுல பளிச்!

இதோட ஒட்டிக்கிட்டு ஒரு கதை சுத்தும். எந்த மீடியா கிளாஸ்லயும் கேட்டிருப்பீங்க. 'ரேடியோவுல கேட்டவங்க நிக்சன் ஜெயிச்சார்னு சொன்னாங்க, டி.வி-யில பார்த்தவங்க கென்னடின்னு சொன்னாங்க.' கேட்க செமையா இருக்குல்ல? ஆனா, அடிவேரைத் தோண்டினா வர்றது ஒரே ஒரு கம்பெனி எடுத்த சர்வே. அதுல ரேடியோ கேட்டவங்க மொத்தமே 282 பேர். அவங்க யாரு, ஏற்கெனவே எந்தக் கட்சிப் பக்கம் சாய்ஞ்சவங்க, டி.வி. இல்லாத கிராமத்து ஆளுங்களா... எதுவும் உருப்படியா தெரியாது. நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார்கிட்ட இந்த டேட்டாவைக் கொண்டுபோனா ரெக்கார்டு நோட்டைத் தூக்கி வராந்தாவுல வீசுவார். அதுக்காக கதை முழு டுபாக்கூர்னும் சொல்லிட முடியாது. 2003-ல் ஜேம்ஸ் டிரக்மேன்ங்கிற பேராசிரியர் ஒரு ஆய்வை வெளியிட்டார். அதே பழைய டிபேட்டை ஒரு குரூப்புக்குப் படத்தோடவும், இன்னொரு குரூப்புக்கு ஒலியை மட்டும் போட்டும் காட்டிப் பார்த்தார். படத்தோட பார்த்தவங்கதான் கென்னடி பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க. ஆக, கண்ணும் ஒரு மார்க் போடுது. அதை ஒப்புக்குவோம்.

ஆனா எனக்குக் கண்ணைவிடப் பெரிய சந்தேகம் பக்கத்து சீட்டு மேலதான்.

1984-க்கு வாங்க. அதிபர் ரீகனுக்கு அப்போ 73 வயசு. முதல் டிபேட்டில் திணறி, எதிர்ல நின்ன மோண்டேல்கிட்ட நல்லா பல்பு வாங்கியிருந்தார். 'தாத்தாவுக்கு வயசாயிடுச்சு'ன்னு ஊரெல்லாம் பேச்சு. ரெண்டாவது டிபேட்டில் வயசைப் பத்தி நேராவே கேட்டுட்டாங்க. ரீகன் அசரலையே! 'இந்தத் தேர்தல்ல வயசை நான் பிரச்னையாக்க மாட்டேன். எதிராளியோட இளமையையும் அனுபவமின்மையையும் வெச்சு அரசியல் ஆதாயம் தேட மாட்டேன்'னு போட்டார் ஒரு போடு. அரங்கமே அதிர்ந்தது. மோண்டேலே சிரிச்சுட்டார். அந்த எலெக்‌ஷன்ல 50 மாநிலத்துல 49 ரீகனுக்கு.

பல வருஷம் கழிச்சு உளவியல்காரங்க சிலர் இந்த டிபேட்டை எடுத்து எடிட்டிங் டேபிள்ல வெச்சாங்க. ஒரு குரூப் மாணவர்களுக்கு ரீகனோட பஞ்ச், அதுக்குக் கூட்டம் சிரிக்கிற சிரிப்பு ரெண்டும் அப்படியே. இன்னொரு குரூப்புக்கு பஞ்ச் இருக்கும், சிரிப்புச் சத்தம் மட்டும் கட். வார்த்தை அதேதான், குரல் அதேதான், முகம் அதேதான். சிரிப்பு போனதும் ரீகனோட மார்க்கும் சரிஞ்சுபோச்சு! ஆக, ஜோக்குக்கு நாம போட்டதா நினைச்ச மார்க்குல பாதியைப் போட்டது, முன் வரிசையில உட்கார்ந்து சிரிச்ச யாரோ. நம்ம சீரியல் காமெடிகள்ல பின்னாடி ஏன் ஒரு சிரிப்புச் சத்தத்தை ஓட விடுறாங்கன்னு இப்போ புரியுதா பாஸ்?

இது அமெரிக்க வியாதின்னு நினைக்க வேணாம். 2010-ல் பிரிட்டன்ல பிரதமர் வேட்பாளர்களை முதல் தடவையா டி.வி. டிபேட்டில் மோதவிட்டாங்க. அந்த ஊர்ல டிபேட் ஓடும்போது திரைக்குக் கீழே ஒரு கோடு நெளிஞ்சுக்கிட்டே ஓடும். இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள் கொஞ்சம் பேர் கையில ஆளுக்கொரு பட்டன் பெட்டி. பேச்சு பிடிச்சா ஏத்துவாங்க, பிடிக்கலைன்னா இறக்குவாங்க. அதோட சராசரிதான் அந்தக் கோடு. செல்லப் பேரு 'புழு'. அமெரிக்காவுலயும் சி.என்.என். இந்த மாதிரிக் கோடு காட்டியிருக்கு.

மூணு ஆராய்ச்சியாளர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? கடைசி டிபேட் அன்னிக்கு 150 பேரை ரெண்டு ரூம்ல பிரிச்சு உட்காரவெச்சு லைவா காட்டினாங்க. புழுவும் ஓடுச்சு. ஆனா அது டூப்ளிகேட் புழு! ஒரு ரூம்ல பிரவுன் பேசும்போதெல்லாம் மேல ஏறும்படி ஓட்டினாங்க. இன்னொரு ரூம்ல கிளெக் பேசும்போது மேல. ரிசல்ட்? முதல் ரூம்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் 'பிரவுன்தான் ஜெயிச்சார்'. ரெண்டாவது ரூம்ல அப்படிச் சொன்னவங்க பத்துல ஒருத்தர்கூடத் தேறல. பெரும்பாலானவங்க ஓட்டு கிளெக்குக்குத்தான். நல்லா யோசிங்க, ரெண்டு ரூம்லயும் ஓடினது அதே நேரலை!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ரெண்டு தடவை முட்டினவங்களுக்குக்கூட இது புரியும். அளக்க வெச்ச மீட்டரே, அளக்கப்படுற பொருளைத் தள்ளிவிடுது. அவுட்புட்டைப் பிடிச்சு இன்புட்ல சொருகினா வேறென்ன ஆகும்?

டிபேட் முடிஞ்ச பிறகு ஓடுறது இன்னும் பெரிய புழு. அங்கே 'ஸ்பின் ரூம்'னே ஒரு இடம் உண்டு. டிபேட் முடிஞ்ச கையோட ரெண்டு கட்சி ஆளுங்களும் அங்கே ஓடிவந்து நிருபர்கள்கிட்ட 'எங்காளு பின்னிட்டாரு'ன்னு அடிச்சு விடுவாங்க. வேட்பாளர் தானே வர்றது அபூர்வம். 2024 செப்டம்பர்ல டிரம்ப் அதையும் பண்ணினார். தானே வந்து 'நான்தான் ஜெயிச்சேன்'னார். எக்ஸாம் ஹால் வாசல்லயே நின்னு தன் பேப்பரைத் தானே திருத்திக்கிற மாதிரி!

இப்போ நீங்க கேட்கலாம். 'அப்போ மறுநாள் டி.வி., பேப்பர் எதையுமே பார்க்கக் கூடாதா?' அங்கேதான் எனக்கு ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு வருஷத்தை எடுத்துக்கங்க. 1976, 2000.

1976 அக்டோபர்ல அதிபர் ஃபோர்டு, 'கிழக்கு ஐரோப்பாவுல சோவியத் ஆதிக்கம்னு எதுவும் கிடையாது'ன்னு சொல்லிட்டார். கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ்காரர் அசந்துபோய், 'நிஜமாத்தான் சொல்றீங்களா?'ங்கிற மாதிரி திருப்பிக் கேட்டு ஒரு சான்ஸ் கொடுத்தார். தலைவர் பிடிச்ச பிடியை விடல. போலந்துல சோவியத் ராணுவம் உட்கார்ந்திருந்த காலம் அது. அன்னிக்கு ராத்திரியே போன் போட்டுக் கேட்டப்போ, பார்த்தவங்கள்ல நிறைய பேருக்கு அது பெருசா உறைக்கல. ஃபோர்டு தேவலைன்னே சொன்னாங்க. மறுநாள் பூரா நியூஸ்ல அந்த ஒரு வாக்கியத்தைப் போட்டுத் தாளிச்சாங்க. சாயங்காலம் கேட்டா, கார்ட்டர் அமோக வெற்றி!

2000 அக்டோபர், அல் கோர் - ஜார்ஜ் புஷ் முதல் டிபேட். முடிஞ்சதும் கேலப் எடுத்த கணிப்புல கோர் 48, புஷ் 41. ஆனா புஷ் பேசும்போதெல்லாம் கோர் மைக்ல கேட்கிற மாதிரி 'உஸ்ஸ்'னு பெருமூச்சு விட்டிருந்தார். அதை மட்டும் வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்பப் போட்டாங்க. அந்த வாரக் கடைசியில 'சாட்டர்டே நைட் லைவ்' காமெடி ஷோவுல ரெண்டு பேரையும் ஓட்டினாங்க. கோரோட ஆளுங்களே அதை அவருக்குப் போட்டுக் காட்டி, 'இப்படித்தான் இருந்தீங்க பாஸ்'னு சொல்ல வேண்டியதாப்போச்சு. ஜெயிச்ச டிபேட் தோத்த டிபேட்டா மாறிடுச்சு. கடைசியில ஃப்ளோரிடாவுல 537 ஓட்டுல அதிபர் பதவியே போச்சு. பெருமூச்சாலதான் போச்சுன்னு நான் சொல்லல. 537-ங்கிற நம்பர் அவ்வளவு குட்டி, எதை வேணாலும் காரணமா காட்டலாம்.

ரெண்டு வருஷமும் பார்த்தவங்க மனசு மறுநாளோ மறுவாரமோ மாறுச்சு. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. 1976-ல் மறுநாள் கிடைச்சது ஒரு தகவல்: அவர் சொன்னது தப்பு. தெரியாததைத் தெரிஞ்சுக்கிட்டு மார்க்கைக் குறைச்சா, அது நியாயமான ரீவேல்யூவேஷன். 2000-ல் புதுசா எந்தத் தகவலும் வரல. பெருமூச்சை எல்லாருமே லைவா கேட்டவங்கதான். ஊர் சிரிச்சதும் நாமும் சிரிச்சோம், அவ்வளவுதான். உங்க முடிவை மாத்திக்கும்போது கையில புதுத் தகவல் இருக்கா, இல்ல காதுல சிரிப்புச் சத்தம் மட்டும் இருக்கான்னு பார்த்துக்கங்க பாஸ்.

சில சமயம் எந்த ரீப்ளேயும் தேவையில்லாமப் போறதும் உண்டு. 2024 ஜூன் 27, அட்லாண்டா. ஸ்டுடியோவுல ஆடியன்ஸே கிடையாது. சிரிப்பு இல்ல, கைதட்டல் இல்ல. அன்னிக்கு 81 வயசு பைடன் பேச்சுக்கு நடுவே தடுமாறி நின்னது அத்தனை பேருக்கும் அப்பவே தெரிஞ்சது. சி.என்.என். கணிப்புல டிரம்ப் 67, பைடன் 33. ஜூலை 21-ல் போட்டியை விட்டே விலகினார்.

அவருக்குப் பதிலா வந்த கமலா ஹாரிஸ் - டிரம்ப் டிபேட் நடந்தப்போ நம்ம ஊர்ல காலை 6.30 மணி. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம் அவங்க தாத்தா ஊராச்சே. அந்தக் கிராமத்துல பேனர் கட்டி, கோயில்ல பூஜையே போட்டாங்க. ஹாஸ்டல்ல பல்லு விளக்காம பார்த்த கூட்டத்துலயும் 'நம்ம பொண்ணுடா' கோஷ்டிதான் மெஜாரிட்டி. அவங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பாதி மார்க் போட்டாச்சு! சி.என்.என். கணிப்பும் ஹாரிஸ் 63, டிரம்ப் 37-ன்னுதான் சொன்னது. நவம்பர்ல அதிபரானது டிரம்ப். 2016-ல் ஹிலாரிக்கும் இதே கதி. மூணு டிபேட்டும் அவங்கதான் தேவலைன்னு கணிப்பு சொன்னது. இன்டர்னல்ஸ்ல சென்டம் வாங்கிட்டு செமஸ்டர்ல கவுந்த கதை. டிபேட்ல யார் நல்லா பேசினாங்கங்கிறது ஒரு பேப்பர், யாருக்கு ஓட்டுங்கிறது வேற பேப்பர்.

இந்த வாரக் கடைசியில சும்மாதானே இருக்கீங்க? 1960 டிபேட் முழுசா யூ-டியூப்ல கிடைக்குது. ஒரு மணி நேரம்தான். மூணு பேரைப் பிடிங்க. ஒருத்தர் ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்கட்டும். ரெண்டாவது ஆள் இன்னொரு போன்ல மியூட் போட்டுப் பார்க்கட்டும். மூணாவது ஆளுக்கு ரெண்டும். முடிஞ்சதும் வாயைத் திறக்காம, 'யார், எதனால'ன்னு ஆளுக்கொரு பேப்பர்ல எழுதி மடிச்சுடணும். அப்புறம் பிரிச்சுப் பாருங்க. ஒரே ஒரு சிக்கல், நீங்க இதைப் படிச்சுத் தொலைச்சுட்டீங்க. கென்னடி, நிக்சன் பேரே தெரியாத ஃபர்ஸ்ட் இயர் பசங்களாப் பார்த்துப் பிடிங்க. பஜ்ஜி, டீ செலவு உங்களோடது!