"ஒரு விரல் திறந்திருக்கு" என்றால் என்ன அர்த்தம்?

ஒன்பதாம் மாதச் செக்-அப்புக்குப் போய் வந்த பெண்ணிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாய் திறந்திருக்காமா?" என்பதுதான். "ஒரு விரல் திறந்திருக்கு" என்று நர்சம்மா சொல்லிவிட்டால், அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "மூடியே இருக்கு" என்றாலோ பெண்ணின் முகம் வாடிவிடும். இரண்டுமே வேண்டாம் சகோதரிகளே!

பிரசவத்தின்போது கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் வரை விரிய வேண்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விரிந்த நிலையிலேயே இரண்டு வாரம் வீட்டு வேலை பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் உண்டு. இன்று இறுக மூடியிருந்து, நாளைக்கே பிள்ளை பெறுகிறவர்களும் உண்டு. ஆகவே, வலியே இல்லாத பெண்ணுக்கு உள்ளே பார்த்துப் பிரசவத் தேதி சொல்ல முடியாது.

அப்படியானால் இந்தப் பரிசோதனை வீணா? அதுவும் இல்லை. நாள் தாண்டிப்போய், மருந்து வைத்து வலி வரவழைக்க வேண்டுமானால், வாய் பக்குவப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்க டாக்டர் பிஷப் 1964-ல் வகுத்த மதிப்பெண் முறை இதற்கு இன்றும் உதவுகிறது. வலி எடுத்தபின், பிரசவம் முன்னேறுகிறதா என்று அறியவும் இது தேவை. அப்போதுகூட, எல்லாம் ஒழுங்காக இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. பனிக்குடம் உடைந்தபின் அடிக்கடி பார்த்தால் கிருமி தொற்ற இடமுண்டு.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால், அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள். அவர்களுக்கு விரல் விட்டுப் பார்ப்பது ஆபத்து, ரத்தம் கொட்டிவிடும்.

"எதுக்கு டாக்டரம்மா பார்க்கறீங்க?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வலியைத் தூண்டுவதற்காக வாயைச் சுற்றி விரலால் தடவிவிடுவதும் உண்டு. அதை நம்மிடம் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பரிசோதனைக்குப் பிறகு திட்டுத் திட்டாகக் கொஞ்சம் ரத்தம் பட்டால் பயமில்லை. மாதவிலக்கு மாதிரிப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள், பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவண்ணாமலைக்குத்தான் போயாக வேண்டும். "வாய் திறக்கலையே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், கீழ்க்கண்டவற்றில் ஒன்று கண்டாலும் உடனே கிளம்புங்கள்:

• விட்டு விட்டு வந்து, வரவர நெருங்கும் வலி
• நீர் உடைதல்
• ரத்தப்போக்கு
• குழந்தையின் அசைவு குறைதல்
• விடாத தலைவலி, கண் மங்கல்

வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். செக்-அப் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு பழைய பருத்திப் புடவை எல்லாவற்றையும் ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே ஒரு பையில் கட்டி வைத்துவிடுங்கள். விரல் கணக்கு எப்படியிருந்தாலும், அந்தப் பை தயாராக இருக்கட்டும்.