‘வராதே’ன்னு சொல்ல ஒரு ஆள்

மணாலி - லே நெடுஞ்சாலையில் வழி தவறுவது ரொம்பக் கஷ்டம். ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பள்ளம். நடுவில் ரோடு. சுமார் 430 கிலோமீட்டருக்கு இதே கதைதான்.

“அப்புறம் எதுக்கு சார் கைடு?”

நான் லடாக்குக்கு பைக்கில் போய்வந்தது தெரிந்த அத்தனை பேரும் கேட்கும் கேள்வி இது. அதிலும் ‘கைடட் டூர்’ என்று சொன்னால் நம் இளைஞர்களுக்கு ஒரு இளப்பம். முன்னால் ஒரு கேப்டன், பின்னால் மெக்கானிக் வண்டி, நடுவில் பன்னிரண்டு பைக். எல்.கே.ஜி. பிள்ளைகள் கயிறு பிடித்துக்கொண்டு மியூசியம் பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறதாம்.

நியாயமான கேள்வி. நான் பி.காம். பத்து ரூபாய் கொடுத்தாலும் வவுச்சர் கேட்கிற ரகம். ஆகவே கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் அயிட்டம், தண்ணீர். இந்த ரோட்டில் பல இடங்களில் பாலம் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் ஓடை ரோட்டின் மேலேயே ஓடும். காலை ஆறு மணிக்குக் கணுக்கால் அளவு. வெயில் ஏறி மேலே பனி உருக உருக, சாயங்காலம் அதே ஓடை முழங்கால் அளவு. எனவே ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று போர்வையை இழுப்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. ஓடையில் இறங்கிவிட்டால் முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர். நடுவில் பயந்து நிறுத்தினால் ஷூவுக்குள் இமயமலை.

இரண்டாவது, வண்டி. எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதான். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-ல் ‘ஹிமாலயன்’ என்று பெயர் வைத்த வண்டி. பெயர்தான் இமயம், பிறந்தது சென்னைப் பக்கம். கம்பெனிக் கணக்குப்படி உள்ளே 24 குதிரை. 17,480 அடி உயரத்திலுள்ள தாங்லாங் லா கணவாயில் காற்றழுத்தம் நம்ம மெரினாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இன்ஜினுக்குள் போகும் காற்று பாதியானால் குதிரைகளிலும் கிட்டத்தட்ட பாதி மெடிக்கல் லீவு. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை கக்கும். இப்போதைய வண்டிகளில் எலெக்ட்ரானிக் மூளை பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. இல்லாத காற்றை அதுவும் எங்கிருந்து கொண்டுவரும்?

வண்டிக்கே இந்தக் கதி என்றால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆசாமிக்கு? அதுதான் மூன்றாவது அயிட்டம்.

உடம்பு மெதுவாகப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்ளும். டாக்டர்கள் சொல்லும் விதி எளிது. 10,000 அடிக்கு மேலே போய்விட்டால் தூங்கும் இடம் நேற்றைவிட 1,600 அடிக்கு மேல் உயரக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, ராத்திரி படுக்கை எத்தனை அடியில் என்பதுதான் கணக்கு.

2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் நீளம். முன்பு 13,000 அடி ரோதாங் கணவாயில் சேற்றோடு மல்லுக்கட்டிய இடத்தை இப்போது பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தாண்டிவிடலாம். பிரமாதமான வேலைதான். ஆனால் சுரங்கம் மிச்சப்படுத்திய நேரம் நம் ரத்தத்துக்குத் தெரியாது. 6,700 அடி மணாலியில் காலை டிபன், 10,500 அடி ஜிஸ்பாவில் மத்தியானச் சாப்பாடு. மறுநாளே சார்ச்சு போனால் 14,000 அடியில் படுக்கை. ஒரே ராத்திரியில் 3,500 அடி. விதியை இரண்டு மடங்கு மீறியாச்சு.

இதனால் எங்கள் கேப்டன் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி போட்டார். அவர் லாஹூல்காரர், ஐம்பதை நெருங்கும் வயசு, அதிகம் பேசமாட்டார். “ஒரு நாள் தண்டம்” என்று குழுவில் ஒரே முணுமுணுப்பு. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆற்றங்கரையில் எங்களை நடக்கவிட்டு, அரை மணிக்கு ஒருதரம் “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. எல்லாரும் ஹெல்மெட்டும் கையுமாக நிற்கிறோம். கேப்டன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டுகளைப் பார்த்தார். ஒரு தட்டில் இரண்டு பரோட்டா தொடாமல் அப்படியே இருந்தது.

அது ஒரு கோயம்புத்தூர்த் தம்பியின் தட்டு. இருபத்தைந்து வயசு, எங்கள் குழுவிலேயே நல்ல தேகக்கட்டு. இந்தி தெரியாது. எனக்கு மத்யமாவோடு நின்றுபோன இந்தி. ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில்.

“ராத்திரி வாந்தி எடுத்தாயா என்று கேட்கிறார்.”

“ஒண்ணுமில்லீங்ணா. ஒரே ஒரு தடவைதான். லேசா தலைவலி. மாத்திரை போட்டிருக்கேனுங்ணா.”

கேப்டன் விரல் நுனியில் ஆக்ஸிஜன் கருவியை மாட்டிப் பார்த்தார். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொன்னார். தம்பி ஒழுங்காகத்தான் நடந்தார். மூளை வீங்க ஆரம்பித்தால் கால் தள்ளாடுமாம். அந்த அளவுக்குப் போகவில்லை.

இருந்தாலும் கேப்டன் இரண்டே வார்த்தை சொன்னார். “கீழே போ.”

அதைத் தமிழில் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“மூணு வருஷமா ஆர்.டி. கட்டிச் சேர்த்த காசுங்ணா” என்றார் தம்பி. குரல் உடைந்துவிட்டது. குழுவே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. “நல்லாத்தானே நடக்கிறார்... நாங்க பார்த்துக்கறோம்... ஒரு மாத்திரை எக்ஸ்ட்ரா போட்டுக்கட்டும்...” ஆளுக்கொரு வைத்தியம்.

கேப்டன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கிண்ணம் மாதிரி வரைந்தார். அடியில் ஒரு புள்ளி வைத்தார். அது சார்ச்சு.

“ஜிஸ்பாவில் உடம்பு கெட்டால் திரும்பிப் போகிற ரோடு இறங்குகிறது. சார்ச்சுவில் கெட்டால்? இந்தப் பக்கம் வர பாராலாச்சா லா ஏறணும். 16,000 அடி. அந்தப் பக்கம் போனால் காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேலே வரிசையாக இரண்டு கணவாய். கீழே இறங்க வேண்டியவனை முதலில் மேலே ஏற்றணும். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எந்தப் பக்கம் ஓடட்டும்?”

யாரும் வாயைத் திறக்கவில்லை.

“தலைவலி மாத்திரை வலியை மறைக்கும். மலையை மறைக்காது. பணம் கொடுத்தது நீங்கள். ஆனால் இவன் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டியவன் நான்.”

இதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். தம்பி கையுறையைக் கழற்றி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். டாக்ஸி வந்தது. அவருடைய வண்டியை உதவியாளர் ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். பன்னிரண்டு பைக் பதினொன்றாயிற்று.

அன்று ராத்திரி சார்ச்சுவில் யார் ஒழுங்காகத் தூங்கினார்கள்! காற்று டெண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கண்ணை மூடினால் மூச்சு முட்டி விழிப்பு வந்தது. இரண்டு மணிக்கு ஒரு டார்ச் வெளிச்சம். கேப்டன்தான். டெண்ட் டெண்ட்டாகப் போய் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர் கேட்டுவிட்டுப் போனார். பெயரைத் தெளிவாகச் சொன்னால் பாஸ்.

லே போய் சிக்னல் கிடைத்ததும் தம்பிக்குப் போன் போட்டேன்.

“மணாலி வந்ததும் தலைவலி போயிடுச்சுங்ணா. நாலு பரோட்டா சாப்பிட்டேன்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஆனா அவர் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேனுங்ணா.”

கேப்டனிடம் சொன்னேன். அந்தப் பயணத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“நல்லது. கோபப்பட ஆள் இருக்கிறான் இல்லையா?”

ஆக, கணக்கு இதுதான். ஓடையைத் தாண்ட நம் கால் போதும். பஞ்சர் ஒட்ட யூடியூப் போதும். நாம் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு, நாம் ஆசைப்படும்போது ‘கூடாது’ என்று சொல்லும் ஒரு ஆளுக்குப் போகிறது. அந்த வார்த்தையைக் கூட வரும் நண்பன் சொல்லமாட்டான். அவனுக்கும் போட்டோ வேண்டும். நாமே சொல்லிக்கொள்வோம் என்பதும் நடக்காது. லீவு லெட்டர் கொடுத்தாச்சு, இ.எம்.ஐ. போட்டாச்சு, ஸ்டேட்டஸும் வைத்தாச்சு.

அடுத்த ஜூனில் கிளம்ப உத்தேசமா? டூர்க்காரருக்குப் போன் பண்ணுங்கள். எந்த வண்டி, எந்த ஓட்டல், கேம்ப் ஃபயர் உண்டா என்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்:

“போன வருஷம் எத்தனை பேரைப் பாதியில் திருப்பி அனுப்பினீங்க?”

“ஒருத்தரைக்கூட இல்லை சார்!” என்று பெருமையாகச் சொன்னால் உடனே போனை வைத்துவிட்டு வேறு நம்பர் பாருங்கள்.