வாய்தாவே தண்டனையா?

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கணவன் மனைவி சண்டை புதிதல்ல. அதற்கென்று ஊரில் ஒரு தெருவே இருக்கிறது... திருவூடல் தெரு! மாட்டுப் பொங்கல் அன்று அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் அங்கே ஊடல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிடுகிறாள். சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய்விட்டு வருகிறார். மறுவூடலோடு சண்டை தீர்ந்தது.

சாமி வழக்கு இரண்டு நாளில் முடிகிறது. இனி ஒட்டவே ஒட்டாது என்று முடிவுசெய்து கோர்ட் படி ஏறும் மனிதர்களின் வழக்கு ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது?

"சட்டம் அப்படிங்க, லேட்டாகத்தான் செய்யும்" என்பார்கள். இதைவிடப் பெரிய பொய் கிடையாது. சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், 1976 திருத்தத்தில் சேர்த்த 21-பி பிரிவு என்ன சொல்கிறது? விசாரணை முடிந்தவரை தினந்தோறும் நடக்க வேண்டும். தள்ளிவைத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும். 24ஆம் பிரிவு, இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்கச் சொல்கிறது. சிவில் நடைமுறைச் சட்டமோ, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது.

ஆக, கெடு சட்டத்திலேயே இருக்கிறது. "முயல வேண்டும்", "கூடுமானவரை" என்ற இரண்டு சொற்களுக்குள் அதைப் புதைத்துவிட்டார்கள்!

நடைமுறை எப்படி? மனு போட வேண்டும். சம்மன் போகும், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பும். மறுபடி போகும். பிறகு சமரசப் பேச்சு. அது தோற்றால் எதிருரை. அதற்கு நாலைந்து வாய்தா. பிறகு குறுக்கு விசாரணை. அன்று வக்கீல் வரமாட்டார். எதிர்த்தரப்பு வராமலே இருந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானால், அதை ரத்து செய்யக் கேட்டு ஒரு மனு. மீண்டும் முதலிலிருந்து!

இதைப் பற்று வரவு எழுதிப் பாருங்கள். தண்டராம்பட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும், வக்கீல் குமாஸ்தாவுக்கும் கொடுக்க வேண்டும். வரவுப் பக்கத்தில் அடுத்த தேதி மட்டும்! கணவனுக்கோ இழுக்க இழுக்க லாபம். அவள் சலித்துப்போய் ஜீவனாம்சமே வேண்டாம் என்று கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தால் போதும். பொய் வழக்கில் சிக்கிய ஆணுக்கும் இதே கதிதான். தாமதம் எப்போதும் இழுக்கத் தெம்புள்ளவன் பக்கமே நிற்கும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. கோர்ட்டுக்குப் பயந்து, ஊர்ப் பெரியவர்களை வைத்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பிரிகிறார்கள். சமூக வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அது வெறும் காகிதம். அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணமே செல்லாது.

"விவாகரத்தை எளிதாக்கினால் குடும்பம் சிதறிவிடும்" என்று பதறுபவர்களுக்கு ஒரு சேதி. இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முன்பே, 1949இல், இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தந்து சட்டம் போட்டது சென்னை மாகாணம். குடும்பங்கள் அழிந்துவிட்டனவா என்ன? பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மீட்கமுடியாதபடி முறிந்த திருமணத்தைத் தன் 142ஆம் பிரிவு அதிகாரத்தால் நேரடியாகக் கலைக்கலாம் என்று 2023இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் அந்த அதிகாரம் டெல்லியில் மட்டும்தான். தண்டராம்பட்டிலிருந்து டெல்லிக்கு யார் போவது?

புதுச் சட்டம் யாரும் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தை நடத்துங்கள். காரணம் எழுதாமல் வாய்தா தராதீர்கள். வேண்டுமென்றே இழுப்பவர் மறுதரப்பின் அன்றைய செலவைக் கட்டட்டும். 60 நாள் கெடு தாண்டிய ஜீவனாம்ச மனுக்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு நீதிமன்றமும் மாதாமாதம் வெளியிடட்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். அதையாவது ஊர் ஊராகப் போய்ச் சொல்லுங்கள்.

சேர்ந்து வாழச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரிந்தவர்களை நிம்மதியாக வாழவிடச் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் "அடுத்த மாதம் வா" என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?